வாய்க்கு எட்டும் அளவு

என் மாமியார் அஜ்மல் பீவி என்னை ஒரு வேளைகூடப் பட்டினி போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா மருமகளுக்குத் தன் கையாலேயே ஊட்டினார் என்று காஜிமார் தெருவில் யாராவது சொன்னால் அது பொய்யில்லை. ஊட்டினார். ஊட்டி ஊட்டித்தான் என் வாயை அடைத்தார்.

நடந்தது முப்பத்தாறாம் வருஷம். என் கணவர் பீர் முகமதுக்குத் தெற்குமாசி வீதியில் இரும்புச் சாமான் கடை. ஆணி, தாழ்ப்பாள், கொண்டி, கதவுக் கீல். விற்காத சரக்கெல்லாம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாக்கில் கிடக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அந்த வீட்டுக்கு வேண்டிய சத்தத்தை மாமி ஒருவரே போட்டுவிடுவார்.

எனக்கு வலது முழங்கை வீங்கியது. முதலில் லேசாக, அப்புறம் ஒரு மாதுளங்காய் அளவுக்கு. "கெணத்துல வாளி இழுக்கும்போது சுளுக்கிருக்கு, வேறென்ன?" என்றார் மாமி. சுளுக்கு என்று அவர் சொன்னால் அது சுளுக்குத்தான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரு கட்டு வைத்தியரை வரவழைத்தார். அந்த மனிதர் எண்ணெய் போட்டு நீவினார், இழுத்தார், மடங்கியிருந்த கையை நேராக நிமிர்த்தி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நான் போட்ட கூப்பாட்டில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "பொம்பளப் புள்ளைக்குக் கொஞ்சமாவது பொறுமை வேணும்" என்றார் மாமி. கட்டைப் பிரித்தபோது கை நேராகவே நின்றது. கொஞ்சம் மடக்கினாலும் உயிர் போய் உயிர் வந்தது.

கை மடங்கவில்லையென்றால் என்னென்ன போகும் என்று நல்ல கை உள்ளவர்களுக்குத் தெரியாது. தலை வாருவது போயிற்று. துவா கேட்க இரண்டு கையையும் ஏந்துவது போயிற்று. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சோறு போயிற்று.

எங்கள் வீட்டில் பெண்கள் எல்லோரும் ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். சகன் என்போம். மாமி, நான், என் நாத்தனார் லத்தீபா, வந்த விருந்தாளி யாராவது. அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுக்க வேண்டும், வலது கையால். முடியாதவர்கள் இடது கையால் சாப்பிட்டால் குற்றமில்லை என்று பள்ளிவாசல் அஜரத்தே சொல்லியனுப்பினார். மாமி கேட்கவில்லை. "என் சகன்ல எடது கை விழக் கூடாது. நான் எதுக்கு இருக்கேன்? ஊட்டி விடுறேன்" என்றார்.

முதல் நாள் எனக்கு அழுகை வந்தது, பாசமென்று நினைத்து. அட கூறுகெட்டவளே என்று இப்போது என்னையே திட்டத் தோன்றுகிறது. சீக்கிரமே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. "மாமி, அந்த வைத்தியரு வேணாம், நீவ நீவக் கூடுது" என்று வாயைத் திறப்பேன். திறந்த வாயில் ஒரு கவளம் வந்து விழும். "சாப்பிடு புள்ள, ஆறிப்போகும்." விருந்தாளிகள் முன்னால் என் அம்மா வீட்டைப் பற்றி ஏதாவது சொல்வார். பதில் சொல்லத் திறப்பேன். கவளம். "சாப்பிடு புள்ள, ஆறிப்போகும்." கோபத்தில் வாயை மூடிக்கொண்டால் அடுத்த கவளம் வர நேரமாகும், பசியை வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இருபது வயதுப் பெண்ணுக்கு அதைவிடக் கேவலம் வேறு உண்டா? பசியைவிட அந்தக் காத்திருப்பு எரிந்தது.

காய்ச்சல் விடாமல் அடித்தபோது லத்தீபாதான் அண்ணனை உலுக்கினாள். "அண்ணே, மதினி செத்துப்போனா அப்பறம் கடையில பூட்டு வித்து என்னத்துக்கு?" என்று கேட்டாள். அவர் மறுநாளே ஜட்கா வண்டி பேசி என்னைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமியும் ஏறிக்கொண்டார். மாமி இல்லாமல் அந்த வீட்டில் வண்டி நகராது.

டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குட்டையாக, கண்ணாடி போட்டு, யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவர். படம் பிடித்துப் பார்த்தார். "சுளுக்கு இல்லம்மா. மூட்டுக்குள்ள காசநோய். நீவினதுல அதிகமாயிருக்கு" என்றார். மாமி கூரையைப் பார்த்தார்.

"மூட்டுக்குள்ளன்னா? உள்ள என்ன இருக்கு?" என்று நான் கேட்டேன். அத்தனை மாதமாக என் கையை ஊரே பிடித்து இழுத்திருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது போலிருக்கிறது. கண்ணாடி பீரோவைத் திறந்து கம்பியால் கோத்த ஒரு கை எலும்பை எடுத்து மேஜையில் வைத்தார். மாமி, "தவ்பா, தவ்பா" என்று துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மேஜையோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"இது தோள். கிண்ணத்துக்குள்ள பந்து உக்காந்த மாதிரி. அதான் மேல, கீழ, முன்ன, பின்ன, சுத்தியும் போகுது. இது முழங்கை. கதவுக் கீல் மாதிரி. மடக்கலாம், நீட்டலாம், அம்புட்டுதான்." கீல் என்றதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முன்கையில ரெண்டு எலும்பு. ஒண்ணு மேல ஒண்ணு புரளும். அதனாலதான் உள்ளங்கை கவுருது, மலருது. மணிக்கட்டுல பாருங்க, கூழாங்கல்லு மாதிரி சின்னச் சின்ன எலும்பு. ஒண்ணோட ஒண்ணு வழுக்கும்."

"எலும்பும் எலும்பும் உரசாதா?" என்றார் என் கணவர். அவர் ஒருவரிடம் தானாகக் கேள்வி கேட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உரசாது. எலும்பு முனையில வழவழன்னு குருத்தெலும்பு இருக்கு. சுத்தி ஒரு உறை. உறைக்குள்ள முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு நீர். கழண்டு போகாம நாரு போட்டுக் கட்டியிருக்கு. இவங்களுக்கு அந்த உறையும் குருத்தும் அரிச்சுப்போச்சு."

அப்புறம் ஒரு மண்டையோட்டையும் காட்டினார். அதிலும் மூட்டு இருக்கிறதாம், பல் பல்லாகக் கோத்து, கோணல் தையல் போட்ட மாதிரி. ஆனால் துளியும் அசையாதாம். நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

சிரிப்பு அதோடு நின்றது. "இது ஆறணும்னா மூட்டு அசையவே கூடாது. மாவுக்கட்டு மாதிரி பிளாஸ்திரி போட்டு மாசக்கணக்கா வைக்கணும். ஆறும்போது எலும்பும் எலும்பும் ஒட்டி ஒண்ணாயிரும். எந்த நிலையில ஒட்டுதோ அதே நிலைதான், ஆயுசுக்கும்" என்றார் டாக்டரம்மா. "மயக்கம் குடுத்து நான் மெதுவா நிறுத்திருவேன். நேராவா, மடக்கியா? மடக்கினா எம்புட்டு? யோசிச்சுட்டு வாங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நேராத்தான்" என்றார் மாமி. "நேரா இருந்தா துப்பட்டிக்குள்ள தெரியாது. மடக்கி வச்சா பிச்சைக்கு ஏந்துன மாதிரி எந்நேரமும் நீட்டிக்கிட்டு நிக்கும். ஊரு சிரிக்கும். நாளைக்கு லத்தீபாவப் பொண்ணு பாக்க வாரவுக என்ன நினைப்பாக?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அங்கே கவளம் இல்லை. ஆனாலும் என் வாய் பழக்கத்தில் மூடிக்கொண்டது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. என் கை எப்படி நிற்க வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். என் வாய் தானாக மூடிக்கொள்கிறது! வீடு வந்து சேர்வதற்குள் ஒன்று முடிவு செய்துவிட்டேன். நோய் எலும்பைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். இனி எனக்கு யாரும் ஊட்டக் கூடாது.

அடுத்த நாள் மாமி பக்கத்துத் தெருவில் துக்கம் கேட்கப் போனதும் லத்தீபாவை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். என் இடது கையை நீட்டினேன். "இதைக் கட்டு" என்றேன்.

"மதினி, நோவு வலது கையிலல்ல?"

"நல்ல கையில அளவு பாத்தாத்தான் கெட்ட கைக்கு அளவு தெரியும். கட்டுடி."

சாமான் பெட்டிப் பலகையையும் பழைய துப்பட்டிக் கிழிசலையும் வைத்து இடது முழங்கையை நேராகக் கட்டினாள். முன்னால் வெறும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எடுத்த மாதிரி பாவனை செய்து வாய்க்குக் கொண்டு போனேன். கை என் தலைக்கு மேலே வீட்டுக் கூரையைக் காட்டிக்கொண்டு நின்றது. லத்தீபா சிரித்துவிட்டு உடனே அழுதாள். மாமி எனக்குக் கேட்டது அந்தக் கையைத்தான்.

அடுத்து மூலைமட்டமாக, 'ட' எழுத்துப் போல மடக்கிக் கட்டினோம். மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் நின்றது. நன்றாக மடக்கினோம். விரல் வாய்க்குள்ளேயே போயிற்று, ஆனால் தரையிலிருந்த தட்டுக்கு எட்டவில்லை; குப்புற விழுந்துதான் எடுக்க வேண்டும். அவிழ்த்தோம், கட்டினோம். உள்ளங்கையைக் கவிழ்த்துப் பார்த்தோம், மலர்த்திப் பார்த்தோம். கட்டைவிரல் மேலே பார்க்க, உள்ளங்கை கொஞ்சம் கீழே சாய்ந்தால் சரிப்பட்டது. மட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடக்கியபோது, முதுகு வளைந்து கொடுத்தது, தோள் முன்னால் வந்தது, மணிக்கட்டு உள்ளே திரும்பியது, கழுத்துக் குனிந்தது. விரல் தட்டையும் தொட்டது, வாயையும் தொட்டது. ஒரு மூட்டு நின்றுபோனால் மற்ற மூட்டுகளெல்லாம் அதன் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கேட்காமலே உதவிக்கு வந்த அந்தத் தோளையும் கழுத்தையும் எனக்குக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இந்த அளவ எப்படி மதினி டாக்டரம்மாட்ட சொல்லுவீங்க? 'கொஞ்சம் கூடுதலா'ன்னா அவுகளுக்கு என்ன தெரியும்?" என்றாள் லத்தீபா. நியாயம்தான். மாடிப்படிச் சாக்கில் கையை விட்டு ஒரு பழைய கீலை எடுத்தேன். துருப்பிடித்து இறுகிப்போனது. படிக்கல்லில் அழுத்தி அழுத்தி, என் முழங்கை மடங்கிய அளவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து மடக்கினோம். வைத்தது வைத்தபடி நின்றது. அதைத் துணியில் சுற்றி என் மூட்டையில் வைத்தேன்.

பிளாஸ்திரி போடும் நாள் வந்தது. டாக்டரம்மா என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, "யோசிச்சீங்களாம்மா?" என்றார்.

"அளவே கொண்டாந்திருக்கேன்" என்று மூட்டையைப் பிரித்தேன். கீல் வெளியே வந்தது. தட்டையாக, பலகையில் அறைந்த மாதிரி விரிந்து கிடந்தது.

"இப்படியா? நேராவா?" என்றார் டாக்டரம்மா.

"ஆமா, அதான் அளவு. அவளே ஒத்துக்கிட்டா பாருங்க" என்றார் மாமி, கண்கூடச் சிமிட்டாமல்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யா அல்லாஹ், ஒரு துண்டு இரும்பைக்கூடவா இந்த மனுஷி விட்டுவைக்கவில்லை! கட்டிலை விட்டு இறங்கினேன். இடது கையை மடக்கி என் வாயில் வைத்துக் காட்டினேன். "டாக்டரம்மா, இதான் என் அளவு. என் சோறு என் வாய்க்கு வர்ற அளவு. இதுக்குக் கட்டுறதா இருந்தா கட்டுங்க. இல்லன்னா நான் இந்தச் சீக்கோட நடந்தே போறேன்."

"என்னடி பேச்சு பேசுற?" என்று மாமி எழுந்தார். "நாந்தான் ஊட்டுறேனே, உனக்கு என்ன கொறை? வளைஞ்ச கையோட என் வாசல்ல ஏறாத, சொல்லிட்டேன். என் மகனுக்கு நேரான கையோட ஒருத்திய எனக்குக் கட்டிவைக்கத் தெரியும்."

"வாசல்ல ஏறுறது காலு மாமி. அது ரெண்டும் எனக்கு நல்லாத்தான் மடங்குது" என்றேன்.

வார்டில் இருந்த பெண்கள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் கணவர் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

அவர் தரையைப் பார்த்தார். வழக்கம்போல அதோடு முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. நான் விடவில்லை. "மச்சான், என்னைப் பாருங்க. நீங்க கீலு விக்கிறவரு. ஒரு கதவு நின்னே போகப்போகுது, இனி அசையாதுன்னு தெரிஞ்சா, மூடுன மேனிக்கு நிக்க விடுவீங்களா, ஆள் போக வர்ற மேனிக்கு நிக்க விடுவீங்களா?"

அவர் மூட்டையில் கிடந்த கீலை எடுத்தார். விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டு போனார்.

"இது நம்ம படிக்குக் கீழ கெடந்த சரக்கு. துரு ஏறுனது. மூட்டைக்குள்ள கெடந்து தானா விரியாது" என்றார் மெதுவாக. "மஞ்சள் ஒட்டியிருக்கு. மல்லி வாசம் அடிக்குது." அப்புறம் தாயைப் பார்த்தார். "அம்மிக் கொழவியாலயா தட்டுனீங்கம்மா?"

மாமி மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

என் கணவர் கட்டிலின் இரும்புக் காலில் கீலின் ஒரு தகட்டைக் கொடுத்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. கீல் கிறீச்சென்று கொஞ்சம் மடங்கியது. என்னைப் பார்த்தார்.

"இன்னும்" என்றேன்.

அழுத்தினார்.

"இன்னும்."

நெற்றி வேர்த்துவிட்டது. மட்டத்தைத் தாண்டியது.

"போதும்" என்றேன்.

அவர் கீலை டாக்டரம்மாவிடம் கொடுத்தார். "அவ சொன்ன அளவுக்கே போட்டுருங்க" என்றார். மாமி துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய் ஜட்காவில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு மயக்க மருந்துத் துணியை மூக்கில் வைத்தபோது பயமே தெரியவில்லை. அத்தனை சந்தோஷம்.

சுண்ணாம்புச் சுவர் போன்ற அந்தக் கட்டோடு நான் அதே வாசலில்தான் ஏறினேன். மாமி தடுக்கவில்லை. "இவளுக்கு என் கையால இனி ஒரு பருக்கை கிடையாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். லத்தீபா ஊட்டினாள். அவள் ஊட்டும்போது நான் வாய் ஓயாமல் பேசினேன், அவளும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். மாதங்கள் ஓடின. கட்டை வெட்டி எடுத்தபோது கை குச்சியாய் மெலிந்து, தோல் உரிந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. வலி இல்லை. வீக்கம் இல்லை. கை வளைந்தபடி கல்லாக நின்றது, நான் கேட்ட அளவுக்கு. அந்தக் கையை மடியில் வைத்துத் தடவித் தடவி அழுதேன்.

அதே வாரம் லத்தீபாவுக்கு நிச்சயம். தல்லாகுளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். கூடத்தில் சகன் வைத்தார்கள். நெய்ச்சோறும் கறியும் ஆவி பறந்தது. மாமிக்கும் மாப்பிள்ளையின் தாயாருக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. நான் போய் அங்கே உட்கார்ந்தேன். வந்த பெண்கள் எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று துப்பட்டியை விலக்கிவிட்டேன்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் குனிந்தேன். முதுகு வளைந்தது, தோள் முன்னால் வந்தது. என் பக்கத்துச் சோற்றைத் தொட்டேன், பிசைந்தேன், உருட்டினேன். கழுத்தைச் சாய்த்தேன். சோறு என் வாய்க்கு வந்தது. சூட்டில் நாக்கு பொத்துப்போயிற்று. அந்த ருசி இன்னும் என் வாயில் இருக்கிறது.

"பாத்தீகளா சம்பந்தி?" என்று மாமி ஆரம்பித்தார். "எம்புட்டோ சொன்னேன். நேரா இருந்த கைய இவளே கேட்டு வாங்கி நொண்டி பண்ணிக்கிட்டா. பெரியவுக பேச்சக் கேக்காத பொண்ணு வீட்டுக்கு வந்தா என்ன ஆகும்னு…"

நான் கறியோடு சேர்த்து ஒரு கவளம் உருட்டினேன், நல்ல பெரிதாக. முழங்கை அசையவில்லை. அசைய வேண்டியதும் இல்லை. தோள் திரும்பியது, மணிக்கட்டு திரும்பியது. பேசுவதற்குத் திறந்திருந்த மாமியின் வாயில் அதைப் பதமாக வைத்தேன்.

"சாப்பிடுங்க மாமி, ஆறிப்போகும்" என்றேன்.